கப்பல்கள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்ட போர்

நெட்ஃபிளிக்ஸில் 2024 மார்ச் 21ஆம் தேதி வெளியான ‘3 பாடி ப்ராப்ளம்’ தொடரின் முதல் சீசனை, எட்டு எபிசோடுகளையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். விண்வெளிப் போர்க் கதை என்று கேள்விப்பட்டு உட்கார்ந்தால் கடைசிவரை ஒரு போர்க்கப்பலைக்கூடக் காட்டவில்லையே என்ற ஆதங்கமும் உங்களுக்கு இருக்கிறது. போர் எப்போது தொடங்கும், ஊர் பேர் தெரியாத சால் டுராண்டை ஏன் இவ்வளவு பெரிய பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தார்கள், விண்வெளிக்கு அனுப்பப்பட்டு வழிதவறிப் போன வில் டவுனிங்கின் மூளை என்ன ஆகும், கடைசியில் ஜெயிப்பது யார் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூல நாவல்களின் கதை தெரிந்துவிட்டாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லியிருப்பதால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டாம் சீசனைக் கதை தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர் தொடங்கிவிட்டது; நீங்கள் பார்த்த எட்டு எபிசோடுகளுக்குள்ளேயே அதன் முதல் சுற்று நடந்து முடிந்துவிட்டது. அந்தப் போரின் முதன்மையான ஆயுதம், சொல்வதற்கு விசித்திரமாக இருந்தாலும், கதைதான். பொய்யும் உவமையும் உள்ளர்த்தமும் கொண்ட கதை. கப்பல்கள் வரும், மோதலும் வரும். ஆனால் முடிவைத் தீர்மானிக்கப்போவது அவை அல்ல என்பதற்கான தடயங்களை முதல் சீசன் வெளிப்படையாகவே போட்டு வைத்திருக்கிறது.

முதலில் தூரத்தையும் காலத்தையும் எடுத்துக்கொள்வோம். மூன்று சூரியன்களால் அலைக்கழிக்கப்படும் தங்கள் உலகை விட்டுப் பூமியை நோக்கி வரும் வேற்றுக்கிரகவாசிகளான சான்-டிகள், நம் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதியான ஆல்ஃபா சென்டாரியிலிருந்து வருகிறார்கள். அங்கிருந்து ஒளி இங்கே வந்து சேரவே நான்கு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகும். அவர்களுடைய கப்பல்கள் ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கில் வருகின்றன என்று வைத்துக்கொண்டால் அவர்கள் வந்து சேர நானூறு ஆண்டு ஆகும் என்று தொடர் சொல்லும் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. நூற்றில் ஒரு பங்கு என்றால் விநாடிக்கு 3,000 கிலோமீட்டர். மனிதன் அனுப்பிய வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் இரு தரப்புக்கும் உள்ள இடைவெளி புரியும். (உண்மையான ஆல்ஃபா சென்டாரியில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அங்கே இரண்டு பெரிய விண்மீன்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று ஒழுங்காகச் சுற்றிவருகின்றன. மூன்றாவதான ப்ராக்ஸிமா வெகு தொலைவில் இருப்பதால், கதையில் வருவதுபோன்ற தாறுமாறான மூன்று சூரிய ஆட்டம் அங்கே நடப்பதில்லை.)

நானூறு ஆண்டு இடைவெளி இருக்கும் கதையில் இரண்டாம் சீசனில் போர் வருமா என்று நீங்கள் சந்தேகப்படுவது நியாயம்தான். அதற்கு விடை உறைதூக்கம், அதாவது உடலை உறையவைத்து நெடுங்காலம் தூங்குவது. பூமியின் பாதுகாப்பு முயற்சியை வழிநடத்தும் தாமஸ் வேட் முதல் சீசனிலேயே அந்த ஏற்பாட்டைத் தனக்காகச் செய்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நாவல்களில் முக்கியமான பாத்திரங்கள் எல்லோரும் உறைந்து தூங்கி, இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டி விழிக்கிறார்கள். தொடரும் அந்த வழியில்தான் போகும் என்று நினைக்கிறேன். முகங்களை மாற்றாமல் காலத்தைத் தாண்ட வேறு வழியில்லை.

இங்கே தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ், அலெக்சாண்டர் வூ ஆகிய மூவரும் செய்த ஒரு பெரிய மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். மூலத்தை எழுதிய சீன எழுத்தாளர் லியூ சிஷினின் மூன்று நாவல்களுக்கும் மூன்று வெவ்வேறு கதாநாயகர்கள். அவர்களில் பலர் ஒருவரையொருவர் சந்திப்பதுகூட இல்லை. தொடரில் அவர்களை எல்லாம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றாகப் படித்த ஐந்து நண்பர்களாக ஆக்கிவிட்டார்கள். இதனால் முதல் நாவலின் கதையோடு இரண்டாம் நாவலின் தொடக்கமும் மூன்றாம் நாவலின் தொடக்கமும் ஒரே சீசனில் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுகின்றன. சால் இரண்டாம் நாவலின் நாயகனான லோ ஜியின் இடத்தில் இருக்கிறார். ஜின் செங்கும் வில்லும் மூன்றாம் நாவலின் செங் ஷின், யுன் தியான்மிங் ஆகியோரின் இடத்தில் இருக்கிறார்கள். கடற்படை அதிகாரி ராஜ் வர்மா, இரண்டாம் நாவலில் வரும் சாங் பெய்ஹாயின் இடத்தை நிரப்பப்போகிறார் என்பது என் உறுதியான கணிப்பு. யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் கதை போகும் திசை பாதி புரிந்துவிடும்.

இனி, ஆயுதம் என்று நான் சொன்ன அந்தக் கதைகளுக்கு வருகிறேன். மொத்தம் மூன்று கதைகள். முதல் இரண்டும் வரும் இடங்களை முதல் சீசனில் திரும்பப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

முதலாவது, சான்-டிகளை வழிபடும் கூட்டத்தின் தலைவரான மைக் எவன்ஸ் தன் கப்பலில் தன் ‘ஆண்டவருக்கு’ சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைப் படித்துக் காட்டும் இடம். ஓநாய் பாட்டியைப்போல வேடமிட்டுச் சிறுமியை ஏமாற்றுகிறது என்ற சாதாரணக் குழந்தைக் கதை. கேட்டுக்கொண்டிருக்கும் சான்-டிக்கு அது விளங்கவே இல்லை. மனதில் நினைப்பதும் வெளியே தெரிவதும் ஒன்றாகவே இருக்கும் உயிர்கள் அவர்கள். எண்ணத்தை ஒளிப்பது என்பது அவர்களுடைய உடலமைப்பிலேயே இல்லை. ஓநாய் நினைத்தது ஒன்று, சொன்னது வேறு என்பதை எவன்ஸ் விளக்க விளக்க, மனிதர்கள் எல்லோரும் இதைச் செய்யக்கூடியவர்கள் என்ற உண்மை அவர்களுக்கு உறைக்கிறது. பிறகு, பொய் சொல்கிறவர்களோடு சேர்ந்து வாழ முடியாது என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டிக்கிறார்கள். இரு இனங்களுக்கும் இடையே போர் மூண்ட கணம் அதுதான் என்று நான் கருதுகிறேன். அந்த அறையில் துப்பாக்கி இல்லை, குண்டு இல்லை. ஒரு கிழவர் மட்டும் அமர்ந்து குழந்தைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காட்சியிலிருந்துதான் வால்ஃபேசர் திட்டம் பிறக்கிறது. சான்-டிகள் அனுப்பிய, புரோட்டான் அளவுக்குச் சுருக்கப்பட்ட கணினிகளான சோஃபான்கள் நம் அறைகளுக்குள் நுழைந்து எதையும் பார்க்கும், எதையும் கேட்கும், எந்தக் கோப்பையும் படிக்கும். ஆனால் மண்டைக்குள் இருப்பதை மட்டும் படிக்க முடியாது. ஆகவே சிலருக்கு எல்லையற்ற அதிகாரம் கொடுத்து, திட்டத்தை யாரிடமும் சொல்லாமல் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சீன மூலத்தில் இதற்கு வழங்கும் சொல்லின் பொருள் ‘சுவரை நோக்கி அமர்ந்திருப்பவர்’. போதிதர்மர் குகையில் ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்தபடி தியானத்தில் இருந்தார் என்ற சீன மரபுக் கதையோடு பிணைந்த சொல் அது. அவர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று சீன நூல்கள் சொல்கின்றன. காஞ்சியிலிருந்து போனவர் என்ற நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. நியூயார்க்கில் ஐ.நா. மன்றத்தில் சாலின் பெயர் வாசிக்கப்படும்போது அந்தப் பழைய குகையின் நிழல் அங்கே விழுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இரண்டாவது இடம், சான்-டிகளைப் பூமிக்கு வரவழைத்த விஞ்ஞானியான முதிய யே வென்ஜியே சாலிடம் சொல்லும் நகைச்சுவைக் கதை. சாலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற உங்கள் கேள்விக்கு விடை முழுக்க முழுக்க அதற்குள் இருக்கிறது. ஐன்ஸ்டீன் இறந்து சொர்க்கம் போகிறார். கையில் அவருடைய வயலின் இருக்கிறது. வாசிக்கப் போகும்போது, கடவுள் சாக்ஸஃபோன் வாசிப்பவர், நீ வாசித்தால் அவருக்குப் பிடிக்காது என்று தேவதூதர்கள் தடுக்கிறார்கள். ஒருநாள் மேலே இருந்து சாக்ஸஃபோன் இசை கேட்கிறது. தெரிந்த பாட்டு; சேர்ந்து வாசித்தால் நன்றாக இருக்குமே என்று ஐன்ஸ்டீன் வயலினை எடுத்து வாசிக்கிறார். கடவுள் இறங்கி வந்து அவரை உதைத்து, வயலினைச் சுக்குநூறாக உடைத்துப் போடுகிறார். கடவுளோடு சேர்ந்து வாசிக்காதே என்று அப்போதே சொன்னோமே என்கிறார்கள் தேவதூதர்கள்.

முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இது வயதான பேராசிரியரின் உளறலாகத் தோன்றும். சோஃபான்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அவை ஒவ்வொரு சொல்லையும் கேட்டன, ஆனால் பொருள் பிடிபடவில்லை. இரண்டாம் நாவலான ‘இருண்ட காடு’ முழுவதும் இந்தக் கதையின் விரிவுரைதான். அங்கே யே வென்ஜியே இதையே நேரடியான இரண்டு விதிகளாகச் சொல்கிறார்: ஒவ்வொரு நாகரிகத்தின் முதல் தேவை உயிர் பிழைத்திருப்பது, நாகரிகங்கள் ஓயாமல் வளர்ந்து பரவுகின்றன, ஆனால் பிரபஞ்சத்திலுள்ள பருப்பொருளின் மொத்த அளவு மாறுவதில்லை. இவற்றோடு மேலும் இரண்டு கருத்துகள் சேர்கின்றன. தொலைவில் இருப்பவன் நல்லவனா என்று எனக்குத் தெரியாது. நான் அவனை நல்லவனாக நினைக்கிறேனா என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாது என்பது எனக்கும் தெரியும் என்று முடிவில்லாமல் நீளும் சந்தேகச் சங்கிலி ஒன்று. இன்று கற்கருவி வைத்திருப்பவன், செய்தி போய்ச் சேரும் சில நூற்றாண்டுகளுக்குள் அணுகுண்டு வைத்திருக்கக்கூடும் என்ற திடீர்த் தொழில்நுட்பப் பாய்ச்சல் மற்றொன்று. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் முடிவு பயங்கரமானது. பிரபஞ்சம் ஒரு இருண்ட காடு. ஒவ்வொரு நாகரிகமும் மரங்களுக்கு இடையே ஓசைப்படாமல் நடக்கும் வேட்டைக்காரன். யாராவது தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொண்டால், விசாரித்துக்கொண்டிருக்க அவகாசம் இல்லாததால் உடனே சுட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

1950இல் லாஸ் அலமோஸில் மதிய உணவின்போது இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி, வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி, அவர்கள் எல்லாம் எங்கே என்று கேட்டதிலிருந்து விஞ்ஞானிகளைக் குடைந்துகொண்டிருக்கும் புதிருக்கு லியூ சிஷின் கொடுக்கும் பதில் இது. எல்லோரும் இருக்கிறார்கள், எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஐன்ஸ்டீனுடைய வயலின் என்பது நாம் வானத்துக்கு அனுப்பும் ஒலி. 1974 நவம்பரில் அரசிபோ தொலைநோக்கியிலிருந்து 1,679 பிட்டுகள் கொண்ட செய்தியை ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்13 விண்மீன் கொத்தை நோக்கி மனிதகுலம் நிஜமாகவே அனுப்பியிருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு இந்த நகைச்சுவையைக் கேட்டால் சிரிப்பு வராது.

சால் இந்தக் கதையைக் கேட்டவர். சான்-டிகள் கொல்ல நினைக்கும் ஒரே ஆளும் அவர்தான். ஐ.நா. தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான்: எதிரி யாரைக் கண்டு பயப்படுகிறானோ அவனிடம் ஏதோ இருக்க வேண்டும். ஆனால் தன்னிடம் என்ன இருக்கிறது என்பது சாலுக்கே தெரியாது. இரண்டாம் சீசனில் அவருடைய கதை பெரும்பாலும் இந்த அறியாமையிலிருந்து அறிதலுக்குப் போகும் பயணமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். நாவலில் லோ ஜி முதலில் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறான். ஏரிக்கரையில் அழகான வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தான் கற்பனை செய்து வைத்திருந்த பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி, ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கிறான். அந்தப் பகுதி நாவலிலேயே பலவீனமானது. தொடர் அதை அப்படியே எடுத்தால் நான் வருந்துவேன். பிறகு மனைவியும் குழந்தையும் எதிர்காலத்துக்கு அனுப்பப்பட்டுவிட, ஒரு குளிரிரவில் உறைந்த ஏரியின்மேல் விழுந்து எழும்போது விதிகள் அவனுக்குப் புலப்படுகின்றன. அவன் செய்யும் முதல் சோதனை எளிமையானது: ஏறத்தாழ 50 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஓர் அனாமதேய விண்மீனின் இருப்பிடத்தைச் சூரியன் வழியாகப் பிரபஞ்சத்துக்கு ஒலிபரப்புகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் உறைதூக்கத்தில் இருக்கும்போது அந்த விண்மீன் இல்லாமல் போகிறது.

இனி நீங்கள் ஆவலோடு காத்திருக்கும் கப்பல்களுக்கு வருகிறேன். நாவலின்படி, இருநூறு ஆண்டுகள் கழித்து மனிதகுலத்திடம் ஏறத்தாழ இரண்டாயிரம் போர்க்கப்பல்கள் இருக்கின்றன. ஒளியின் வேகத்தில் நூற்றில் பதினைந்து பங்கை எட்டக்கூடிய அணுச்சேர்க்கை எந்திரங்கள் அவற்றில் பொருத்தப்பட்டிருக்கின்றன. தாங்கள் ஜெயித்துவிட்டதாகவே எல்லோரும் நம்புகிறார்கள். சான்-டிப் படையிலிருந்து முன்கூட்டி வரும் ஓர் ஆய்வுக்கலத்தை வரவேற்பதற்காக மொத்தப் படையும் அணிவகுத்து நிற்கிறது. வருவது ஒரு நீர்த்துளி. மூன்றரை மீட்டர் நீளம், கண்ணாடிபோல எல்லாவற்றையும் பிரதிபலிக்கும் மேற்பரப்பு. பார்க்கிறவர்கள் அதன் அழகில் சொக்கிப்போகிறார்கள். சமாதானப் பரிசு என்று கண்கலங்குகிறார்கள். விஞ்ஞானி ஒருவர் அதன் மேற்பரப்பை உருப்பெருக்கிக் கருவியில் பார்க்கிறார். நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று பெருக்கிக்கொண்டே போகிறார். ஒரு கோடி மடங்கிலும் அது அதே வழவழப்பான கண்ணாடியாகவே இருக்கிறது. ஒரு கோடி மடங்கில் வழவழப்பாக இருக்கும் பொருள் எதுவும் உலகத்தில் கிடையாது. அணுக்களே இம்மியும் அசையாமல் பூட்டப்பட்டிருந்தால்தான் அது முடியும். அவர் அதைப் புரிந்துகொண்டு எச்சரிப்பதற்கும் துளி கிளம்புவதற்கும் இடையே நேரமே இல்லை. வரிசையாக நிற்கும் கப்பல்களை ஊசி துணியைத் தைப்பதுபோல ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டு போகிறது. இரண்டாயிரம் கப்பல்களில் தப்புபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இரண்டாம் சீசனின் உச்சக்கட்டம் இதுவாகத்தான் இருக்கும் என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்வேன். முதல் சீசனில் பனாமா கால்வாயில் நானோ இழைகள் எவன்ஸின் கப்பலைச் சீவிய காட்சியை அவர்கள் எடுத்த விதத்தைப் பாருங்கள். ஆரவாரம் இல்லை, எதிர்ப்பு இல்லை. மெதுவாக நகரும் கப்பல் தானே வந்து வெட்டுப்படுகிறது. அந்தக் காட்சியில் வெட்டியவர்கள் மனிதர்கள். நீர்த்துளிக் காட்சியில் வெட்டுப்படுகிறவர்கள் மனிதர்கள். பார்வையாளர் அந்த ஒற்றுமையை உணரும்படிதான் இயக்குவார்கள் என்று நம்புகிறேன்.

ராஜ் வர்மாவின் இடம் இங்கேதான் வருகிறது. பனாமா நடவடிக்கைக்குத் தலைமை தாங்கியவர் அவர். நூற்றுக்கணக்கான உயிர்கள் போகும் என்று தெரிந்தும் கைநடுங்காதவர். நாவலில் சாங் பெய்ஹாய், மனிதகுலம் ஜெயிக்கும் என்று அசைக்க முடியாத நம்பிக்கை கொண்ட அதிகாரியாக எல்லோருக்கும் தெரிகிறார். உள்ளுக்குள் அவர் தோல்வி நிச்சயம் என்று முடிவுகட்டியவர்; தப்பி ஓடி மனித இனத்தின் விதையைக் காப்பாற்றுவது ஒன்றே வழி என்று இரண்டு நூற்றாண்டுகள் மனதுக்குள் பூட்டி வைத்திருப்பவர். தொலைதூரம் போகத்தக்க எந்திரங்கள்தான் ஆராய்ச்சியில் முன்னுரிமை பெற வேண்டும் என்பதற்காக, எதிர்க்கருத்துள்ள மூத்த வல்லுநர்களை விண்கல் துண்டுகளால் செய்த தோட்டாக்களைக்கொண்டு, விபத்துபோலத் தோன்றும்படி கொன்றுவிடுகிறார். ஐ.நா. நியமிக்காத வால்ஃபேசர் அவர். தொடரில் ராஜ் இதுவரை நேர்மையான, சற்று இறுக்கமான அதிகாரியாக மட்டுமே காட்டப்பட்டிருக்கிறார். ஜின்னோடு இருந்த உறவும் முறிந்துவிட்டது. ஒரு பாத்திரத்தை இவ்வளவு நேரான கோடாக வரைந்து வைப்பது, பின்னால் அந்தக் கோட்டை உடைப்பதற்காகத்தான் என்பது என் ஊகம். அடுத்த சீசனில் ராஜ் உற்சாகமாக வெற்றியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருடைய கண்களைக் கவனியுங்கள்.

கப்பல்கள் அழிந்த பிறகுதான் சாலின் நேரம் வரும். நாவலில் லோ ஜி, எதிரியின் வருகையைக் கண்காணிக்க விண்வெளித் தூசுப் படலங்கள் அமைப்பதாகச் சொல்லி, சூரியனைச் சுற்றி ஆயிரக்கணக்கான அணுகுண்டுகளை நிறுத்திவைக்கிறான். உண்மையில் அவை வெடித்து எழும் தூசு சூரியனின் ஒளியை விட்டுவிட்டு மறைத்து, சான்-டி உலகின் இருப்பிடத்தைப் பிரபஞ்சம் முழுவதற்கும் அறிவிக்கும் விளக்காக அதை மாற்றிவிடும். வெடிப்பை அவன் தன் இதயத் துடிப்போடு இணைத்து வைத்திருக்கிறான். கல்லறைத் தோட்டத்தில் தனக்குத் தானே குழி தோண்டி, நெஞ்சில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு எதிரியிடம் பேரம் பேசுகிறான். நான் செத்தால் இரண்டு உலகங்களும் சாகும் என்ற அந்தப் பேரம், பனிப்போர்க் கால அணுஆயுதச் சமநிலையின் தர்க்கமேதான். தலைமை அழிந்துபோனாலும் பதிலடி தானாகப் போய்ச் சேர வேண்டும் என்று சோவியத் ஒன்றியம் 1980களில் ‘பெரிமீட்டர்’ என்ற ஏற்பாட்டை அமைத்திருந்தது; லோ ஜி தன் உடம்பையே அப்படியொரு ஏற்பாடாக ஆக்கிக்கொள்கிறான். நீர்த்துளியின் அழிவைக் காட்டிவிட்டு இந்தக் காட்சியோடு இரண்டாம் சீசனை முடிப்பார்கள் என்பது என் கணிப்பு. மூன்றாம் சீசனும் உறுதியாகிவிட்டதால் மூன்றாம் நாவலுக்கு அது போதுமான இடம் தரும்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. இன்னும் இரண்டு வால்ஃபேசர்களான ஜெனரல் ஹோ போலினும் பேராசிரியர் லெய்லா ஆரிச்சும் நாவலின் மற்ற மூன்று வால்ஃபேசர்களின் தோல்வித் திட்டங்களைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்களின் ரகசியத்தைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்தும் வேலை, கடைசி எபிசோடில் சான்-டிகளின் தலைக்கவசத்தைப் பெற்ற அவர்களுடைய ஆதரவாளர் டாட்டியானாவிடம் வந்து சேரலாம். ஐந்து நண்பர்களில் ஒருவரும் நானோ இழைகளை உருவாக்கியவருமான ஆகி சலாசர் மட்டும் எனக்குப் பிடிபடாமல் இருக்கிறார். அவர் தன் நானோ தொழில்நுட்பத்தைப் போரிலிருந்து பிடுங்கிக் குடிநீர் வடிகட்டக் கொடுத்துவிட்டார். நாவலில் படைச்செலவுக்காக உலகமே பட்டினி கிடந்து மக்கள்தொகை பாதிக்கும் கீழே போகும் ஒரு கொடிய காலம் வருகிறது. நாவல் அதைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறது. ஆகியை வைத்துக்கொண்டு தொடர் அதைத் தரையில் நின்று காட்டினால், மூல நூலில் இல்லாத ஒரு நிறைவு கிடைக்கும்.

இப்போது மூன்றாவது கதை. அது முதல் சீசனில் இன்னும் சொல்லப்படவில்லை. ஆனால் சொல்லப்போகிறவர் கிளம்பிவிட்டார். வில்லின் மூளையை ஏந்திச் சான்-டிகளை நோக்கிப் புறப்பட்ட கலம், வழியில் நிறுத்திவைக்கப்பட்ட 300 அணுகுண்டுகளின் வெடிப்பால் உந்தப்பட்டுப் போக வேண்டியது. கயிறு ஒன்று அறுந்து பாதை மாறிவிட்டது. (அணுகுண்டு வெடிப்பால் கலத்தை உந்தும் யோசனை வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவில் 1958 முதல் 1965 வரை ‘ஓரியன்’ என்ற பெயரில் இதை முறையாக ஆராய்ந்தார்கள். விண்வெளியில் அணுவெடிப்பைத் தடைசெய்த 1963ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு அதற்கு வழியில்லாமல் போயிற்று.) வில்லின் கதை அங்கே முடியவில்லை. நாவலில் யுன் தியான்மிங்கின் மூளையைச் சான்-டிகள் கண்டெடுத்து, உடலும் கொடுத்து, தங்களிடையே வாழவைக்கிறார்கள். கலம் கிளம்பி இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து, செங் ஷின்னோடு அவன் பேச ஒரே ஒருமுறை அனுமதி கிடைக்கிறது. அவள் தனியாக ஒரு சிறு கலத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே விளக்குகள். பேச்சு தடைசெய்யப்பட்ட பக்கம் போனால் மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் அவள் இருக்கும் கலத்திலுள்ள அணுகுண்டு வெடிக்கும். அந்த நிலையில் அவன் சொல்வது மூன்று தேவதைக் கதைகள். மனிதர்களை ஓவியமாக வரைந்து காகிதத்துக்குள் அடைத்துவிடும் ஓவியன், நீரில் போட்டால் படகை நகர்த்தும் சோப்பு என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறான். விளக்கு பச்சையிலேயே இருக்கிறது. சோப்பு, விண்வெளியையே வளைத்து ஒளிவேகத்தில் போகும் எந்திரத்துக்கான குறிப்பு. ஓவியன், சூரியக் குடும்பத்தையே தட்டையாக்கிவிடப்போகும் ஓர் ஆயுதத்தைப் பற்றிய எச்சரிக்கை. மனிதர்கள் முதலாவதைப் புரிந்துகொள்கிறார்கள், இரண்டாவதைக் கோட்டைவிடுகிறார்கள்.

சிவப்புத் தொப்பிச் சிறுமி, ஐன்ஸ்டீனின் வயலின், வில் சொல்லப்போகும் கதைகள் என்ற இந்த மூன்றையும் ஒரே நூலில் கோத்துப் பாருங்கள். முதலாவதில் பொய் என்ற ஒன்று இருப்பதைச் சான்-டிகள் அறிகிறார்கள். இரண்டாவதில் அது அவர்கள் காதுக்கெதிரிலேயே பயன்படுத்தப்படுகிறது. மூன்றாவதில் அவர்களுடைய வீட்டுக்குள்ளிருந்தே பயன்படுத்தப்படுகிறது. நாவலில் ஐன்ஸ்டீன் நகைச்சுவை கிடையாது. தொடரின் எழுத்தாளர்கள் அதைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பதே, கதையின் இந்த நரம்பை அவர்கள் பிடித்துவிட்டார்கள் என்று நான் நம்புவதற்குக் காரணம்.

ஜின்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாவலில் லோ ஜிக்குப் பிறகு அழிவின் பொத்தானைக் காக்கும் பொறுப்பு செங் ஷின்னிடம் வருகிறது. அவள் பொறுப்பேற்ற சில நிமிடங்களிலேயே சான்-டிகள் தாக்குகிறார்கள், அவள் பொத்தானை அழுத்துவதில்லை. அவளுடைய இளகிய மனமே மனிதகுலத்தைக் கெடுத்தது என்று வாசகர்கள் பலர் அவளைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். பெண்மையைப் பலவீனமாகக் காட்டியதாக ஆசிரியரைக் குறைசொன்னவர்களும் உண்டு. ஜின் வேறு மாதிரி வார்க்கப்பட்டிருக்கிறாள். தன்னை நேசித்த நண்பனின் மூளையை விண்வெளிக்கு அனுப்பும் திட்டத்தின் மையத்தில் நின்றவள் அவள். அவன் தனக்காக ஒரு விண்மீனையே வாங்கி வைத்திருந்தான் என்பது தாமதமாகத்தான் அவளுக்குத் தெரியவந்தது. ஒருமுறை கணக்குப் போட்டு ஓர் உயிரை அனுப்பியவள், இரண்டாம் முறை அந்தக் கணக்கைப் போட மறுத்தால் அது பலவீனமாகத் தெரியாது. அவள் அழுத்தாமல் விடுவாள் என்றே நினைக்கிறேன், ஆனால் காரணம் நாவலில் இருப்பதைவிடக் கனமாக இருக்கும்.

கடைசியாக, ஜெயிப்பது யார்? மூன்றாம் நாவலை அப்படியே பின்பற்றினால், இருவருமே இல்லை. தப்பிப்போன மனிதக் கப்பல் ஒன்று சான்-டி உலகின் இருப்பிடத்தை ஒலிபரப்பிவிடுகிறது. சில ஆண்டுகளில், யாரென்றே தெரியாத மூன்றாவது கை அந்த உலகின் சூரியன்களில் ஒன்றை அழிக்கிறது. பிறகு நம் சூரியக் குடும்பத்தின் முறை வருகிறது. தபால் உறைக்குள் வைக்கத்தக்க ஒரு சிறு தாள் போன்ற பொருள் வந்து எல்லாவற்றையும் இரு பரிமாணப் படமாகத் தட்டையாக்கிவிடுகிறது. அந்தத் தாளை அனுப்பியவனுக்கு நம்மேல் பகையும் கிடையாது, நம் பெயரும் தெரியாது. அது அவனுடைய அன்றாட வேலைகளில் ஒன்று. எஞ்சுகிறவர்கள், ராஜின் இடத்தில் இருந்தவர் விரும்பியதுபோல முன்பே ஓடிப்போனவர்களின் வழித்தோன்றல்களும், வில்லின் கதையைப் பாதி புரிந்துகொண்டு செய்த ஒரே கப்பலில் ஏறியவர்களும்தான். அந்தக் கப்பல் போகும் திசையில், ஒருவன் ஒருத்திக்காக வாங்கிக்கொடுத்த விண்மீன் இருக்கிறது.